பழைய சர்வரை அணைத்தபோது உங்களுக்கு எது தொலைந்தது?

கெடிலக்கரை:

ஃபெஞ்சல் புயல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த 48 இலக்கங்கள் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தலைமை அலுவலகம் புதுச்சேரி ரெயின்போ நகரில், தரைத்தளத்தில் இருந்தது. கிளை கடலூர் மஞ்சக்குப்பத்தில். 2024இல் அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் வேலையை, எங்கள் சொந்த சர்வரில் ஓடும் எஸ்சிசிஎம்மிலிருந்து மைக்ரோசாப்ட் கிளவுடில் ஓடும் இன்ட்யூனுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பாதி வேலை அங்கே, பாதி இங்கே. அந்த இடைக்காலம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். லேப்டாப்பின் வட்டைப் பூட்டும் பிட்லாக்கருக்கான கொள்கையை, அதாவது அதன் விதிகளை, கிளவுடுக்கு மாற்றியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே பூட்டப்பட்டிருந்த லேப்டாப்களைத் திறக்க உதவும் 48 இலக்க மீட்புச் சாவிகள் பழைய சர்வரிலேயே இருந்தன. கொள்கை போனால் சாவியும் பின்னாலேயே போகும் என்று நம்பினேன். போகவில்லை.

நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஞாயிறு காலை முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து அலுவலகம் போனேன். சர்வருக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நானும் காவலாளி அண்ணனும் அதைக் கழற்றி மாடிக்குத் தூக்கினோம்.

திங்கள் காலை கடலூரிலிருந்து கணக்குப் பிரிவு அக்கா அழைத்தார். லேப்டாப்பைத் திறந்தால் நீலத்திரை, மீட்புச் சாவி கேட்கிறது. கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளுக்கு வெள்ளிக்கிழமை நான் அனுப்பிய புதுப்பிப்புதான் காரணம். பிட்லாக்கரை இடைநிறுத்தாமல் அனுப்பிவிட்டேன். தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. இன்ட்யூனில் தேடினால் அந்தக் கருவிக்கு எதிரே சாவி இல்லை.

தெருவில் மின்சாரம் இல்லை. மாடியில் இருந்த பல் மருத்துவரின் ஜெனரேட்டரில் சர்வரைக் கிளப்பினோம். தரவுத்தளம் எழும்ப 20 நிமிடம் ஆயிற்று. பிறகு போனில் ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகளைப் படித்தேன். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் வகுபடும் எண். அதனால் ஓர் இலக்கம் பிசகினாலும் திரை அந்த இடத்திலேயே பிடித்துவிடும். ஆறாவது தொகுதியில் பிடித்தது. ஜெனரேட்டர் இரைச்சலில் நான் சொன்ன ஏழு அவருக்கு எட்டாகக் கேட்டிருக்கிறது. மறுபடி படித்தேன். "வந்துவிட்டது தம்பி" என்றார். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை விடவில்லை: "சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்களாம். பெண்ணையாற்றில் தண்ணீர் ஏறுகிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சம்பளத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்."

என் தவறுக்காக அந்த அக்கா ஆற்றோர வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

உங்களுக்கு எது தொலைந்தது? எழுதுங்கள்.


லாசுப்பேட்டை_83:

எனக்குத் தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பழைய சர்வரும் இல்லை.

2019. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம். அதுவரை லேப்டாப்களை மட்டும் நிர்வகித்தோம். கிளவுடுக்குப் போனதும் ஊழியர்களின் சொந்தப் போன்களும் பட்டியலில் ஏறின. ஆண்ட்ராய்டில் அப்போது நாங்கள் பயன்படுத்தியது பழைய 'டிவைஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறை. முழுப் போனும் நம் கைக்குள் இருக்கும். வேலையை விட்டுப் போன ஒரு சேமிப்புக்கிடங்கு அண்ணனின் போனிலிருந்து அலுவலக மின்னஞ்சலை நீக்க வேண்டும். 'ரிட்டயர்' அழுத்தினால் அலுவலகத் தரவு மட்டும் போகும். 'வைப்' அழுத்தினால் எல்லாம் போகும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் இரண்டாவதை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

மறுநாள் காலை வாசலில் நின்றார். போன் திரையில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முதல் பக்கம். சத்தம் போடவில்லை. "போன வருடம் அம்மா பேசியது இதில் இருந்தது. திரும்ப வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அவருடைய அம்மா ஆடி மாதம் தவறிப்போனதை நான் அப்போதுதான் அறிந்தேன்.


துறைமுகச்சாலை:

கெடிலக்கரை, நீங்கள் புயலை முன்னால் நிறுத்துகிறீர்கள். புயல் வராவிட்டாலும் அந்தச் சாவி கிளவுடில் இருந்திருக்காது. தண்ணீர் அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது, அவ்வளவுதான்.

என் கதை சின்னது. கடலூர் முதுநகரில் ஒரு கிளை, 60 லேப்டாப்கள். மென்பொருள்களைக் கிளைக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டிருந்த விநியோக சர்வரை எடுத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை ஆபிஸ் தொகுப்பை இன்ட்யூன் வழியாக அனுப்பினேன். 60 கருவிகளும் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கின. மதியம் வரை ஒரு பில் போடவில்லை. வெளியே சரக்கு லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு ஓட்டுநர் என் மேசைக்கே வந்து, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார்.

இனி மாறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு லேப்டாப் இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும் டெலிவரி ஆப்டிமைசேஷனை நம்புவதற்கு முன் வைஃபையைப் பாருங்கள். ஒரே வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தனிமைப்படுத்தல் போட்டிருந்தால், பக்கத்து லேப்டாப்பிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வசதி செத்துப்போகும். அந்த வசதிக்கு நெட்வொர்க்கில் 7680 போர்ட் திறந்திருக்க வேண்டும். எங்களிடம் தனிமைப்படுத்தலும் போட்டிருந்தது, போர்ட்டும் மூடியிருந்தது.

அடுத்து, ஒவ்வொரு வேலையையும் எஸ்சிசிஎம்மிலிருந்து இன்ட்யூனுக்கு நகர்த்தும் கோ-மேனேஜ்மென்ட் ஸ்லைடர்களை ஒரே நாளில் தள்ளாதீர்கள். நடுவில் 'பைலட்' என்று ஒரு நிலை இருப்பது எதற்கு? பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டு வாரம் ஓடட்டும். அந்தப் பத்தில் கணக்குப் பிரிவும் கிடங்கும் இருக்க வேண்டும், நம் ஐ.டி. பிரிவின் லேப்டாப்களில் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அலுவலக சர்வரிலிருந்து வரும் பழைய குரூப் பாலிசியும் இன்ட்யூனின் புதிய கொள்கையும் மோதினால், இயல்பாக குரூப் பாலிசிதான் வெல்லும். அதை மாற்ற ஒரு அமைப்பு (செட்டிங்) இருக்கிறது, விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து. ஆனால் எல்லா அமைப்புகளுக்கும் அது செல்லாது. பழையதை எடுத்துவிடுவதுதான் நல்லது. கொள்கை போய்ச் சேரவில்லை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போடவும் வேண்டாம். வழக்கமான ஒத்திசைவு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான்.

சாவி விஷயத்தில், ஏற்கெனவே பூட்டிய லேப்டாப் ஒவ்வொன்றிலும் பவர்ஷெல்லில் ஒரு கட்டளையை ஓட்டினால் சாவி மைக்ரோசாப்டின் கிளவுட் கணக்கு அடைவான என்ட்ரா ஐடிக்குப் போய்விடும். பிறகு உட்கார்ந்து எண்ண வேண்டும். 140 லேப்டாப் என்றால் 140 சாவி. 139 என்று வந்தால் சர்வரை அணைக்கக் கூடாது. லாசுப்பேட்டை, உங்களுக்கும் ஒன்று: வைப் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருந்த நிர்வாகம்தான் அதற்குப் பொறுப்பு.


லாசுப்பேட்டை_83:

அழுத்தியது என் விரல் சார். நிர்வாகத்தின் மேல் போட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவது? சொந்தப் போனில் 'வொர்க் ப்ரொஃபைல்' தவிர வேறெதையும் அதன் பிறகு நான் பதியவில்லை. அதில் அலுவலகப் பகுதி தனி. முழுப் போனை அழிக்க நம்மால் முடியாது.


சிதம்பரம்_மொழிபெயர்ப்பு:

நான் ஐ.டி. பிரிவு இல்லை. உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் லேப்டாப்பில் வேலை செய்பவள். புதுச்சேரி நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து தமிழ்ப் பயிற்சிக் கையேடுகள் தயாரிக்கிறேன்.

முன்பெல்லாம் லேப்டாப்பில் ஏதாவது பிரச்சினை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறுவேன். அலுவலக நெட்வொர்க்கில் செருகினால்தான் சரியாகும். போன வருடம் புது லேப்டாப் கூரியரில் வந்தது. உறையைப் பிரித்து, வீட்டு வைஃபையில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததும் நிறுவனத்தின் பெயரே திரையில் வந்து வரவேற்றது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். ஆட்டோபைலட் என்று பெயராம். உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

பிறகு என் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பை. பதினான்கு வருடக் கையேடுகளில் பாதி, யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. பழைய லேப்டாப்களில் அந்த எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் தாமாகவே இருந்தன. ஹெல்ப்டெஸ்க்கில் கேட்டேன். "எங்கள் செயலிப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லையே, மேடம்" என்றார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. பட்டியலில் இல்லைதான். பணி ஓய்வு பெற்ற ஒரு சார், எல்லா லேப்டாப்களிலும் ஏற்றும் விண்டோஸ் பிரதியை, அதாவது இமேஜைத் தயாரிக்கும்போது தன் கையால் அவற்றை உள்ளே வைத்திருக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை, எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்களுக்காக ஒருவர் அதை யோசித்துச் செய்திருக்கிறார் என்பதே அது காணாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

யூனிகோடுக்கு மாற்றலாம் என்று யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம். மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், பக்கம் பக்கமாக. அட்டவணைகள் எல்லாம் சிதைகின்றன.


துறைமுகச்சாலை:

அந்த இமேஜ் கோப்பை யாராவது வைத்திருப்பார்களே அம்மா. எழுத்துருக்களை ஒரு செயலிப் பொதியாகக் கட்டி இன்ட்யூனில் ஏற்ற அரை நாள் வேலைதான். உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.


கெடிலக்கரை:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாடிக்குப் போனேன். எங்கள் பழைய சர்வர் அங்கேயே இருக்கிறது. அடிப்பகுதியில் சேறு தெறித்த கறை காய்ந்து கிடக்கிறது. எங்கள் இமேஜைத் திறந்து எழுத்துருக் கோப்புறையைப் பார்த்தேன். தமிழ் எழுத்துருக்கள் 11 இருந்தன. எங்கள் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. யார் வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் அதை அணைப்பதாக இருந்தோம். இப்போதைக்கு வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.