கிராண்ட் ஆர்டர் வந்தாச்சு, முதல்ல எதை ஆரம்பிக்கிறது?

அலையாத்தி_மண்

வணக்கம் நண்பர்களே. டெல்டா பக்கம் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரில மைக்ரோபயாலஜி அசிஸ்டன்ட் ப்ரொஃபசரா இருக்கேன். ஏஎன்ஆர்எஃப்ல (ஆராய்ச்சிக்குப் பணம் தர்ற மத்திய அரசு அமைப்பு), அதாங்க பழைய எஸ்இஆர்பி, ப்ராஜெக்ட் கிடைச்சு சாங்ஷன் ஆர்டர் மெயில்ல வந்துடுச்சு. மூணு வருஷம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேத்துல இருக்கிற பாக்டீரியா எவ்வளவு உப்பைத் தாங்குது, அதுல ஏதாவது ஒண்ணு உப்பேறின வயல்ல நெல்லுக்கு உதவுமான்னு பாக்கிறது தான் வேலை.

சந்தோஷமெல்லாம் ஆர்டரைப் பிரிச்சு படிக்கிற வரைக்கும் தான். யூசிங்கிறான் (செலவுச் சான்றாம்), எஸ்இங்கிறான் (செலவுக் கணக்காம்), ஜிஎஃப்ஆர் 12ஏங்கிறான் (மத்திய அரசு நிதி விதில ஒரு படிவமாம்), பிஎஃப்எம்எஸ்ங்கிறான் (அரசுப் பணம் போற ஆன்லைன் வழியாம்). எங்க காலேஜுல மத்திய அரசு ப்ராஜெக்ட் பண்ணினவங்க எல்லாம் ரிடையர் ஆகிட்டாங்க, ஆபீஸ்ல கேட்டா "நீங்களே பாத்துச் சொல்லுங்க மேடம், நாங்க போட்டுக் குடுத்துடுறோம்"னு சொல்றாங்க. பட்ஜெட்ல ஒரு ரியல் டைம் பிசிஆர் மெஷின், ஒரு மைனஸ் 80 ஃப்ரீசர், ஒரு ஜேஆர்எஃப் (உதவித்தொகையோட வர்ற ஆராய்ச்சி மாணவர்), மிச்சம் கெமிக்கல், ட்ராவல். மெஷினை வாங்கிட்டு ஆள் எடுக்கிறதா, ஆளை எடுத்துட்டு மெஷின் வாங்குறதா? இன்னொண்ணு, மேனேஜ்மென்ட்ல ஒருத்தர் ஓவர்ஹெட் (காலேஜுக்குன்னு தர்ற பங்கு) பணத்துல செமினார் ஹாலுக்கு ஏசி போட்டுடலாமான்னு இப்பவே கேக்கிறார். அவருக்கு என்ன சொல்றது?

ரிடையர்டு_வாத்தியார்

வாழ்த்துகள்மா. ஆளா மெஷினான்னு கேட்டா ரெண்டும் இல்ல. அடுத்தவங்க டேபிள்ல போய் உக்காரப் போற பேப்பர் எதெதுவோ அதை எல்லாம் முதல்ல அனுப்பிவிடுங்க, உங்க கையால பண்ற வேலையை எப்ப வேணா பண்ணிக்கலாம்.

உங்களுக்கு அது வனத்துறை பர்மிஷன். பிச்சாவரம் ரிசர்வ் ஃபாரஸ்ட், 2022ல ராம்சார் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள்) பட்டியல்லயும் சேத்துட்டாங்க, டூரிஸ்ட் மாதிரி படகு டிக்கெட் எடுத்துட்டுப் போய் சுரபுன்னை வேருக்கு அடியில இருக்கிற சேத்தை டப்பால அள்ளிட்டு வந்துட முடியாது. எந்தெந்த இடம்னு ஜிபிஎஸ் புள்ளியோட, ஒரு தடவைக்கு எத்தனை கிராம், எந்தெந்த மாசம், கூட யார் யார் வர்றாங்க, எல்லாத்தையும் எழுதி பிரின்சிபால் கவரிங் லெட்டரோட அனுப்புங்க. ஜேஆர்எஃப் பேர் இன்னும் தெரியாதேன்னு நிறுத்தி வைக்காதீங்க, "ஆராய்ச்சி மாணவர் ஒருவர், பெயர் பின்னர் தெரிவிக்கப்படும்"னு போட்டா போதும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை சாம்பிள் எடுக்கிறதா தான் ப்ரபோசல்ல எழுதியிருப்பீங்க. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை பிடிச்சுதுன்னா அங்க தண்ணியோட உப்பே இறங்கிடும், அதுக்குள்ள பர்மிஷன் வரலைன்னா அந்த வருஷத்து "மழைக்கு முன்" டேட்டா அவ்ளோதான். மெஷின் லேட்டானா சாம்பிளை ஃப்ரீசர்ல வெச்சுக்கலாம், சீசனை எங்க வைப்பீங்க?

அப்புறம் சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ வரிசையைப் படிக்கிறது) வெளிநாட்டுக் கம்பெனி சீப்பா பண்றான்னு வளர்த்த பாக்டீரியாவை பார்சல் போட்டுடாதீங்க, அதுக்கு தேசிய பல்லுயிர் ஆணையத்துல அனுமதி வாங்கணும் (ஆபீஸ் நம்ம தரமணில தான் இருக்கு). உள்ளூர்லயே குடுத்தா அந்தத் தலைவலி இல்ல. ஜீனை எடுத்து வேற பாக்டீரியால ஏத்திப் பாக்கிற ஐடியா இருந்தா காலேஜுல பயோசேஃப்டி கமிட்டி இருக்கணும், இல்லைன்னா அதை அமைக்கவே நாள் ஆகும்.

ஏசி விஷயம்: ஓவர்ஹெட் நிறுவனத்துக்குன்னு குடுக்கிற பணம் தான், அதுல போய் சண்டை போடாதீங்க. "தாராளமா போடுங்க சார், கூடவே என் லேப்புக்கும் ஒரு ஏசியும் த்ரீ ஃபேஸ் லைனும்"னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. மைனஸ் 80 ஃப்ரீசர் கக்குற சூட்டுக்கு மூடின ரூம்ல ஏசி இல்லாம ஓட்ட முடியாது, வயரிங் செலவை ப்ராஜெக்ட்ல எழுதவும் முடியாது.

கோவை_கெமிஸ்ட்

வாத்தியார் சொன்னதோட ஒத்துப் போறேன், ஆனா ஜேஆர்எஃப்பை மட்டும் மெஷின் வந்த பிறகு எடுங்க. பையன் வந்து சும்மா உக்காந்திருப்பான், சம்பளம் ஓடும், மூணு வருஷத்துல முக்கால் வருஷம் இப்படியே போயிடும். ஆள் சம்பளத்துல மிச்சம் பிடிச்சா கடைசில ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் கேக்கிறப்ப கைகுடுக்கும்.

பழைய_ப்ராஜெக்ட்_சீட்

மேடம், நான் ஒரு யூனிவர்சிட்டி ஃபைனான்ஸ் செக்ஷன்ல ப்ராஜெக்ட் சீட் பாத்தவன். முதல்ல ஆர்டர்ல ப்ராஜெக்ட் ஆரம்ப தேதி எதுன்னு பாருங்க. ஆர்டர் தேதியா, பணம் ரிலீஸ் ஆன தேதியாங்கிறதுல தான் மூணு வருஷக் கணக்கே இருக்கு.

இப்ப பெரும்பாலான மத்திய திட்டங்கள்ல பணம் உங்க அக்கவுண்ட்ல வந்து உக்காராது. அவங்க சொல்ற பேங்க்ல ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் திறந்தா, இவ்வளவு வரைக்கும் செலவு பண்ணிக்கலாம்னு ஒரு லிமிட் மட்டும் வரும், பேமெண்ட் பிஎஃப்எம்எஸ் வழியா நேரா கம்பெனிக்கோ ஆளுக்கோ போகும். அந்த வருஷத்து லிமிட்ல மிஞ்சினதை மார்ச் 31க்கு அப்புறம் அப்படியே எடுத்துச் செலவு பண்ண முடியாது. அதனால "அப்புறம் வாங்கிக்கலாம்"ங்கிற பேச்சே கூடாது. பில்லை ஏத்துறதுக்கு ஒருத்தர், அப்ரூவ் பண்றதுக்கு ஒருத்தர்னு ரெண்டு லாகின் வேணும். பிரின்சிபால் லாகினை டைப்பிஸ்ட்கிட்ட குடுத்து வெச்சிருப்பாங்க பாருங்க, அது மாதிரி மட்டும் வேண்டாம்.

மெஷின் வாங்குறது பத்தி. 2025 ஜூன்ல அறிவியல் ஆராய்ச்சிக்குன்னு ஜிஎஃப்ஆரைத் தளர்த்தினாங்க. கொட்டேஷன் இல்லாம 2 லட்சம் வரைக்கும், பர்ச்சேஸ் கமிட்டி போட்டு 25 லட்சம் வரைக்கும் வாங்கலாம்னு ஆச்சு, ஆராய்ச்சிக் கருவியை ஜெம் போர்ட்டலுக்கு (அரசு கொள்முதல் தளம்) வெளியே வாங்கவும் நிறுவனத் தலைவருக்கு அதிகாரம் குடுத்தாங்க. ஆனா உங்க ஆபீஸ்ல பழைய 25,000, இரண்டரை லட்சம் கணக்கையே சொல்வாங்க, இல்ல 1998 தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் தூக்கிட்டு வருவாங்க. வாக்குவாதம் பண்ணாதீங்க. சாங்ஷன் ஆர்டர்ல எந்த விதிப்படி வாங்கச் சொல்லியிருக்குன்னு அந்த வரியைக் குறிச்சு, ஒரு நோட் ஃபைல் போட்டு, "இந்த முறையில் கொள்முதல் செய்யலாம்"னு பிரின்சிபால் கையெழுத்து வாங்கிடுங்க. ஆடிட்டர் முன்னாடி அந்த ஒரு தாள் தான் பேசும்.

ஸ்பெசிஃபிகேஷனை எந்தக் கம்பெனி ப்ரோஷர்லேருந்தும் காப்பி அடிக்காதீங்க, கமிட்டில ஒருத்தர் கண்டுபிடிச்சா மொத்தமும் திரும்பி முதல்லேருந்து. ஒரே கம்பெனி தான் தயாரிக்குதுன்னா ஜிஎஃப்ஆர் விதி 166 இருக்கு, ப்ரொப்ரைட்டரி சர்ட்டிஃபிகேட் குடுத்து வாங்கலாம், ஆனா பிசிஆர் மெஷினுக்கு அது செல்லாது, அஞ்சாறு பேர் விக்கிறான். ஜிஎஸ்டியும் பாருங்க. ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இருந்த 5% சலுகை 2022 ஜூலை 18ஓட போச்சு, இப்ப முழு வரி தான். ப்ரபோசல் எழுதினப்ப எவனாவது வரி சேர்க்காம கொட்டேஷன் குடுத்திருந்தா இப்பவே துண்டு விழும். டாலர்ல கொட்டேஷன்னா இன்னும் மோசம், ரூபா இறங்கினா வித்தியாசத்தை யாரும் தர மாட்டாங்க. ரூபாய்ல, இன்ஸ்டலேஷன் சேர்த்து, மூணு வருஷ வாரண்டியோட கேளுங்க. பின்னாடி ஏஎம்சிக்கு (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணம் எந்த ஹெட்லயும் (செலவுத் தலைப்பு) இருக்காது. யூபிஎஸ்சையும் அதே ஆர்டர்ல சேத்துடுங்க.

மெஷின் வந்த அன்னைக்கே ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தி, பில்லுக்குப் பின்னாடி பக்க எண் எழுதி கையெழுத்து. அது இல்லாம பில்லைத் தொட மாட்டான் எந்த க்ளார்க்கும்.

ஸ்டைபண்ட்_எப்ப_வரும்

கோவை சார், சும்மா உக்காந்திருப்பான்னு சொல்றீங்களே, மீடியா போட்டு, டைல்யூஷன் பண்ணி, உப்பை ஏத்தி ஏத்தி ப்ளேட்டிங் பண்றதுக்கு எதுக்கு சார் ரியல் டைம் பிசிஆர்? ஒரு ஆட்டோக்ளேவும் லேமினார் ஃப்ளோவும் இருந்தா முதல் வருஷ வேலை மொத்தமும் ஓடும். நாங்க ரெஃப்ரிஜிரேட்டர் காயிலைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதெல்லாம் கைடு ப்ளான் பண்ணாததுனால, எங்களால இல்ல.

மேம், வேலைக்கான ஆட் (விளம்பரம்) இப்பவே குடுங்க. ஜேஆர்எஃப்புக்கு நெட் அல்லது கேட் தேர்வு பாஸ் பண்ணின ஆள் வேணும், அவங்க ஒரே சமயத்துல பத்து இடத்துல அப்ளை பண்ணியிருப்பாங்க. 2023 ஜனவரிலேருந்து மாசம் 37,000, எஸ்ஆர்எஃப்புக்கு (சீனியர்) 42,000, ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) தனி. ஆட்ல "விதிப்படி"ன்னு மொட்டையா போடாம நம்பரைப் போடுங்க. இன்டர்வியூ அன்னைக்கே ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. ஒண்ணு, அடுத்த வருஷ லிமிட் வர்ற வரைக்கும் ஏப்ரல் மேல ஸ்டைபண்ட் தாமதமாகலாம்னு. தெரிஞ்சா வீட்டு வாடகைக்கு முன்கூட்டியே எடுத்து வெச்சுக்குவோம், தெரியாம மாட்டினா தான் ஹவுஸ் ஓனர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும். ரெண்டாவது, பிஎச்டி. உங்க டிபார்ட்மென்ட் ரிசர்ச் சென்டரா, உங்களுக்கு கைடுஷிப் (பிஎச்டி மாணவரை வழிநடத்துற அங்கீகாரம்) இருக்கா? அசிஸ்டன்ட் ப்ரொஃபசர்னா நாலு பேர் தான் வெச்சுக்க முடியும், அந்த நாலும் நிறைஞ்சிருந்தா வர்றவங்க மூணு வருஷம் உங்களுக்கு வேலை செஞ்சுட்டு டிகிரி இல்லாம போவாங்க. அது நியாயமே இல்ல மேம்.

ரிடையர்டு_வாத்தியார்

தங்கச்சி சொல்றது சரி. கோவை சார் மிச்சம் பிடிக்கச் சொல்ற கணக்கும் இப்ப செல்லாது, சம்பள ஹெட்ல செலவாகாத லிமிட் உங்க கைல நிக்காது, திரும்பிப் போயிடும்.

அலையாத்தி_மண்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கைடுஷிப் இருக்கு, ரெண்டு இடம் காலி. வனத்துறைக்கு லெட்டர் இன்னைக்கே டைப் பண்ணக் குடுத்துட்டேன். செமினார் ஹால் ஏசிக்கு வாத்தியார் சொன்ன மாதிரியே கேட்டேன், அவர் சிரிச்சுட்டு "எழுதிக் குடும்மா"ன்னுட்டார்.

சின்ன சந்தேகம் ஒண்ணு. உள்வாய்க்காலுக்குள்ள போக துடுப்புப் படகு தான், அந்த அண்ணன்கிட்ட பில் கேட்டா சிரிப்பார். சேத்துல இறங்கி கோர் (குழாயைக் குத்தி எடுக்கிற சேத்து சாம்பிள்) எடுக்க உள்ளூர் ஆள் ஒருத்தரும் வேணும். இதை எப்படிக் கணக்குல காட்டுறது?

பழைய_ப்ராஜெக்ட்_சீட்

அச்சடிச்ச பில் இல்லாட்டி பரவால்ல, கை ரசீது போதும். பேர், ஊர், என்ன வேலை, எந்த தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபா, இதை எழுதி அவர்கிட்ட கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, 5,000 ரூபாய்க்கு மேல போனா ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்க. கீழே "வேலை நடந்தது, தொகை நியாயமானது"ன்னு நீங்க சான்று எழுதணும். அவர் பேங்க் பாஸ்புக் காப்பி வாங்கி பிஎஃப்எம்எஸ்ல சேத்துட்டா பணம் நேரா போயிடும், ஆனா அக்கவுண்ட் நம்பர் வேலிடேட் ஆக நாள் பிடிக்கும், அதுவரைக்கும் அவரைக் காக்க வைக்கிறது சரியா இருக்காது. நீங்க கையிலேருந்து குடுத்துட்டு ரசீதை வெச்சு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டுக்கோங்க, அப்படிப் போடலாம்னு முதல் ட்ரிப்புக்கு முன்னாடியே பிரின்சிபால்கிட்ட ஒரு ஆர்டர் வாங்கிடுங்க. கார் வாடகைக்கு ட்ரிப் ஷீட்ல கிலோமீட்டர் ரீடிங் கட்டாயம்.

ஸ்டைபண்ட்_எப்ப_வரும்

மேம் ஆட் எப்ப வருது? என் ஜூனியர் ஒருத்தி நெட் முடிச்சுட்டு சிதம்பரத்துல தான் இருக்கா, நல்லா நீச்சலும் தெரியும்.