டெல்ஃப்ட் நீலச் சிமிழ்: 'பீங்கான் பெட்டி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் நீல நிறத்தில் கையால் தீட்டிய, மூடி போட்ட சின்னப் பெட்டிக்கு நம் கலைச்சொல் அகராதியில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன: 'பீங்கான் நினைவுப் பெட்டி', 'ஒல்லாந்துப் பேழை', 'நினைவுச் செப்பு'. மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். எதையும் அப்படியே ஏற்க மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பீங்கான். என்னிடம் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம். மூடியில் ஒரு காற்றாலை, அதன் கீழே தண்ணீர், இரண்டு பாய்மரப் படகுகள். மூடியின் உள்விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் விரலை வைத்தால் சுண்ணாம்புக்கட்டி போலச் சொரசொரப்பாக இருக்கும். டார்ச் விளக்கை உள்ளே வைத்துப் பார்த்தேன், துளி வெளிச்சம்கூட வெளியே கசியவில்லை. மெல்லிய பீங்கான் கிண்ணமாக இருந்தால் விரலின் நிழல் தெரியும். ஆக, இது மண்பாண்டம்தான். பளபளப்பு மேலே மட்டும்தான்.

டெல்ஃப்ட் பாண்டத்தின் கதையே இதுதான். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய பிறகு சீனத்து நீலவெள்ளைப் பீங்கான் நெதர்லாந்தில் வந்து குவிந்தது. 1644இல் மிங் அரசு வீழ்ந்து சீனாவில் போர் மூண்டதும் வரத்து சுருங்கியது. அந்த இடத்தை டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நொடித்துப்போன பீர் வடிப்பாலைகளின் கட்டடங்களில் சூளை வைத்தவர்கள் பலர். அவர்களிடம் பீங்கானுக்கு வேண்டிய வெண்களிமண்ணும் இல்லை, அதைச் சுடும் வித்தையும் இல்லை. ஐரோப்பாவில் உண்மையான பீங்கான் செய்யும் ஆலை ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இல்தான் வந்தது. அதனால் சாதாரண மண்ணில் பாண்டம் செய்து, ஒரு முறை சுட்டு, வெள்ளீய ஆக்சைடு கலந்த கண்ணாடிக் குழம்பில் முக்கி எடுத்தார்கள். மண்ணின் நிறம் மறைந்து வெள்ளையானது. அந்த வெள்ளை உலர்ந்ததும் அதன்மேல் கோபால்ட் கலவையால் வரைந்து மறுபடி சுட்டார்கள். தூரிகையில் இருக்கும்போது அந்தக் கலவை கறுப்பாகத்தான் இருக்கும். சூளையில் வெந்த பிறகுதான் நீலம் வரும். எந்த இடம் எவ்வளவு நீலமாகும் என்பதைக் கறுப்பிலேயே கணித்து வரைய வேண்டும். என் பெட்டியில் தண்ணீர் அலைகள் ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு. தொடக்கத்தில் தடித்து, முடிவில் மயிரிழையாக மெலிகின்றன. அச்சில் ஒட்டிய படத்தில் இந்தத் தடிப்பும் மெலிவும் பொதுவாக இப்படி இராது.

'டச்சுக்காரர்களே அதைப் பீங்கான் என்றுதானே சொன்னார்கள்' என்று ஒரு நண்பர் கேட்டார். சரிதான். 1653இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆலையின் பெயரே 'டெ போர்சலைன ஃபிளெஸ்', பீங்கான் குடுவை. அது வியாபாரப் பெயர். கலைச்சொல் அகராதியில் நாமும் அதையே எழுதினால், பீங்கான் இல்லாமல் பீங்கானைப் போலச் செய்துகாட்டிய அவர்களின் திறமை மறைந்துபோகும். வீட்டில் ஊறுகாய் ஜாடியையும் பீங்கான் என்றுதான் சொல்கிறோம், அது வேறு. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். அருங்காட்சியகத் தகட்டில் கூடாது.

அப்படியானால் அந்த வெள்ளைப் பூச்சுக்கு என்ன பெயர்? 'ஈயப்பூச்சு மட்கலம்' என்ற யோசனையைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். ஈயம் பூசுவது என்றால் நமக்குப் பித்தளைப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும்: கரி அடுப்பு, நவச்சாரப் புகை, பழந்துணியால் ஒரு தேய்ப்பு, உள்ளே வெள்ளி போல மின்னும் உலோகம். இங்கே இருப்பது உலோகம் இல்லை, கண்ணாடி. 'மெருகு' என்பதும் பொருந்தாது. தொல்லியலில் தேய்த்து வழவழப்பாக்கிய பானைக்கு அந்தச் சொல் புழங்குகிறது. இது தேய்த்து வந்த மினுக்கம் இல்லை, சூளையில் உருகிப் படிந்த ஓர் அடுக்கு. அதனால் பொதுச்சொல்லாக 'உருகுபூச்சு' என்பதை முன்வைக்கிறேன். ஊறுகாய் ஜாடிக்கும் குளியலறை ஓட்டுக்கும் அதே சொல் பொருந்தும். வெள்ளீய ஆக்சைடால் வெளுத்த வகையைச் சுருக்கமாக 'வெண்பூச்சு மட்கலம்' எனலாம். 'கறுப்பு சிவப்பு மட்கலம்' என்று தொல்லியலில் ஏற்கெனவே எழுதுகிறோம், அதன் பக்கத்தில் இது இயல்பாக உட்காரும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1876இல் யோஸ்ட் தோஃப்ட் என்பவர் அந்த 'டெ போர்சலைன ஃபிளெஸ்' ஆலையை வாங்கிய பிறகு, ஆங்கிலேயர் முறையில் வெள்ளையாகவே வேகும் மண்ணுக்கு மாறினார். மண்ணின்மேல் நேராக வரைந்து, அதற்குமேல் ஒளி ஊடுருவும் பூச்சு போடும் முறை அப்போது வந்தது. இன்று பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் 20ஆம் நூற்றாண்டுச் சிறு பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகை. என்னுடையதும் அப்படித்தான், சில்லுப் பெயர்ந்த இடத்திலும் மண் வெள்ளையாகவே இருக்கிறது. ஆகவே 'வெண்பூச்சு' என்ற சொல்லை 17, 18ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கு வைத்துக்கொண்டு, பிந்தியவற்றை 'டெல்ஃப்ட் நீல மட்கலம்' என்று மட்டும் எழுதுவோம். இரண்டிலும் மட்கலம் இருக்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை.

அடுத்து, பெட்டி. பேழை என்றால் நோவாவின் பேழை, உடன்படிக்கைப் பேழை என்று பெரிதாகவே மனத்தில் விரிகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றுக்கு அது தாங்காது. செப்பு எனக்கு மிகவும் பிடித்த சொல். 'செப்பின் புணர்ச்சிபோல்' என்று குறள் சொல்வது மூடியும் அடியும் பொருந்துவதைத்தான். ஆனால் இன்று செப்பு என்றால் தாமிரம், இல்லாவிட்டால் குழந்தைகளின் செப்புச் சாமான். மண்ணால் செய்ததைச் செப்பு என்றால் படிப்பவர் தடுமாறுவார். சிமிழ் அப்படியில்லை. குங்குமச் சிமிழ், மைச் சிமிழ் என்று எல்லாருக்கும் தெரியும். சிறியது, மூடி உள்ளது, மதிப்பானதை வைப்பது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

'நினைவு' என்ற அடை வேண்டாம். உள்ளே என்ன வைப்பது என்பது வைத்திருப்பவரின் விருப்பம். ஒருவர் மோதிரம் வைப்பார், இன்னொருவர் குழந்தையின் முதல் பல்லை வைப்பார். விளக்கக் குறிப்பில் 'நினைவுப் பொருள்கள் வைக்கும் சிமிழ்' என்று எழுதினால் போதும். 'கைத்தீட்டு' என்ற யோசனையும் வந்தது. கைத்தறி மாதிரி அழகாக இருக்கிறது, ஆனால் தீட்டு என்றதும் வேறு பொருள் முந்திக்கொள்ளும். 'கையால் தீட்டிய' என்று விரித்தே எழுதுவோம். எல்லாவற்றையும் ஒரே சொல்லாகக் குறுக்க வேண்டியதில்லை.

டச்சுச் சொல்லையே தமிழில் எழுதிவிடலாம் என்றவருக்கு: கந்தோரும் (அலுவலகம்) லாச்சியும் (மேசை இழுப்பறை) ஈழத்தில் வாய்வழியே வந்து பழகிய டச்சுச் சொற்கள். ஒரு பட்டியலில் சேர்ப்பதால் மட்டும் புதிதாக ஒன்று அப்படிப் பழகிவிடாது. அப்புறம், டெல்ஃப்ட் என்றால் ஈழத்து வாசகர்களுக்கு முதலில் நெடுந்தீவுதான். தீவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் டச்சுக்காரர்களே. அதனால் முதல் முறை வரும்போது 'நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து' என்று சேர்த்துவிட வேண்டும்.

ஆக, அகராதிப் பதிவில் 'டெல்ஃப்ட் நீலச் சிமிழ், கையால் தீட்டியது' என்று எழுதலாம் என்பது என் முன்மொழிவு. உருகுபூச்சு பற்றி மட்டும் இன்னும் பேசலாம். சூளை வைத்திருப்பவர்களோடு பழகும் நண்பர்கள் யாராவது, அந்தக் கண்ணாடிக் குழம்பைத் தொழிலில் என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிடலாம்.