காமெடியை மட்டும் பார்த்து முழுப்படம் பார்க்காதவர்கள் இங்கே வரலாம்

மஞ்சக்குப்பத்துக்காரன்:
போன ஞாயிற்றுக்கிழமைதான் 'வின்னர்' படத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். 2003-ல் வந்த படம். கைப்புள்ளயின் நடை, வருத்தப்படாத வாலிபர் சங்கம், வாங்கிய அடி எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஹீரோ பிரசாந்த் என்பது ஞாயிறு வரைக்கும் உறைக்கவே இல்லை. கட்டதுரை என்பவன் கைப்புள்ளயை அடிப்பதற்கென்றே பிறந்தவன் என்று நினைத்திருந்தேன். படத்துக்கே அவன்தான் வில்லனாம்! வடிவேலு இல்லாத இடமெல்லாம் யாரோ வேறு படத்தை நடுவில் சொருகிவிட்ட மாதிரி இருந்தது. பையன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "எப்பப்பா வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் தெரு சலூன். காலையிலிருந்து ராத்திரி வரை ஆதித்யா காமெடி சேனல்தான் ஓடும். நல்ல சீன் வந்தால் அண்ணன் கத்தரியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிடுவார். ஒரு தடவை அப்படி நின்று திரும்பியதில் என் ஒரு பக்கக் கிருதா மட்டும் ஏறிப்போனது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்க. வெறும் 'சூப்பர் படம்' வேண்டாம். எங்கே, யாரோடு பார்த்தீங்க என்று சொல்லுங்க.

நெல்லிக்குப்பம் வாத்தியார்:
என் கதை தலைகீழ். விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்த காலத்தில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். பழைய படங்களில் பாதியை முதலில் அதில் நக்கலாகத்தான் பார்த்தேன், அசல் அப்புறம்தான். ஒரு நாள் அத்தை வீட்டில் அப்படி ஒரு அசல் ஓடியது. மகன் அம்மா காலில் விழுந்து அழுகிற கட்டம். என் கண்ணுக்கு லொள்ளு சபா மனோகர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வருவதுதான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் என் பெயர் கல்நெஞ்சுக்காரன்.

சந்தானம் அந்த சபாவில் இருந்த சந்தானம்தான். ஹீரோவான பிறகு எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தேவனாம்பட்டினம் பொண்ணு:
2011 டிசம்பர் 30, தானே புயல். விடிந்து பார்த்தால் எங்கள் பக்கம் கரண்ட் கம்பங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. திரும்பக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஆறு மணிக்கே தெரு இருட்டாகிவிடும். டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. எங்கள் சித்தப்பாவுக்குப் படகும் போய்விட்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையையே வெறித்துக்கொண்டிருப்பார், யாரோடும் பேச மாட்டார்.

ஒரு ராத்திரி பிள்ளைகள் ரொம்பவும் நச்சரித்ததில், திடீரென்று எழுந்து 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சியைச் செய்து காட்ட ஆரம்பித்தார். தெரியாதவர்களுக்காக: படம் எடுத்தே தீருவேன் என்று அலைகிற மகன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்வான், வாயாலேயே அத்தனை சத்தமும் போடுவான், அப்பா நடுங்குவார். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். சித்தப்பாவுக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம். இந்தப் பக்கம் திரும்பினால் நாகேஷ், அந்தப் பக்கம் திரும்பினால் பாலையா.

காற்றுச் சத்தம் போட்டார் பாருங்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் நிஜக் காற்றைக் கேட்டிருந்தோம். அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். அப்போது எதிர்வீட்டு ஆயா, "இது என்னடா காத்து, அன்னிக்கு ஊதுனதுல கால்வாசி கூட இல்ல" என்றது. அவ்வளவுதான், தெருவே சிரித்தது. சித்தப்பாவும். மறுநாள் ராத்திரி மேலத்தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

படத்தை நான் பார்த்தது இரண்டு வருஷம் கழித்து. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், நாகேஷைவிட பாலையாதான் அசத்துகிறார். பேசாமல் கேட்டுக்கொண்டே முகத்தில் பயத்தை ஏற்றிக்கொண்டு போகிறாரே, அது சித்தப்பாவிடம் இல்லை. ஒரே ஆள் இரண்டு பேராக நின்றால் கேட்கிறவர் முகத்தை எப்படிக் காட்டுவது? ஆனால் சத்தம் மட்டும் சித்தப்பா போட்டதுதான் எனக்கு ஒசத்தி.

வில்லியனூர் கான்ட்ராக்டர்:
2019 மே மாசக் கடைசி. ஃபேஸ்புக்கில் யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்க, நம்ம ஆள் ஒருத்தர் அது 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்த கதையைச் சொல்லிவைத்தார். படம் வந்து பதினெட்டு வருஷம் கழித்து ஊர் உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்தது. அன்றைக்கு சைட்டுக்குப் போனால், சாரத்தின் மேலே நின்ற கொத்தனாரிலிருந்து கீழே கலவை போட்ட சித்தாள் வரை என்னைப் பார்த்துச் சிரிப்பு. வீட்டுக்காரர் போன் பண்ணி "தலை எப்படி இருக்கு?" என்கிறார்.

சுத்தியல் விழுகிற இடம் எனக்குச் சிரிப்பு வராது. செங்கல் விழுந்து ஏழு தையல் போட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். ஆனால் வேலை தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு, பெரிய வேலைக்காரர்கள் மாதிரி ஒரு தோரணை காட்டுவாரே வடிவேலு, அது நான்தான். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

உப்பளம் ஆட்டோ:
'நானும் ரௌடிதான்' 2015-ல் வந்தபோது பாண்டிச்சேரி தியேட்டரில் பார்க்கணும். கதை நடப்பதே நம்ம ஊரில்தான். ஒரு தெருவில் திரும்பினால் சம்பந்தமில்லாத இன்னொரு தெருவில் போய் நிற்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தர் "டேய், அது ஒன்வேடா!" என்று கத்தினார். ஆனந்தராஜ் வந்ததும் விசில். நம்ம ஊர்க்காரர் ஆச்சே. ஒரு காலத்தில் அவரைத் திரையில் பார்த்தாலே சின்னப் பிள்ளைகள் பயப்படும், இப்போது முறைத்தாலே சிரிப்பு வருகிறது. மற்றபடி தமிழ் சினிமா காமெடியில் பாண்டி என்றாலே பாட்டில்தான். அது எனக்குப் புளித்துப்போய் ரொம்ப நாளாச்சு.

முத்தியால்பேட்டை பேரன்:
எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாரீசிலிருந்து மாமா கொண்டுவந்த டிவிடியில் லூயி து ஃப்யுனெஸ் படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார். சான் த்ரோபே என்கிற கடற்கரை ஊரில் ஒரு சிடுமூஞ்சிப் போலீஸ்காரர் படுகிற பாடு, மொத்தம் ஆறு படம். பாட்டிக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் தாத்தாவுக்கு முன்னாலேயே சிரித்துவிடுவார். முதல் தடவை அந்தத் தொப்பியைப் பார்த்ததும் "நம்ம ஊரு போலீசு மாதிரியே போட்டிருக்கானே, செவப்புதான் இல்ல" என்றார். அந்தத் தொப்பி எங்கிருந்து பாண்டி போலீசுக்கு வந்தது என்று தாத்தா ஒரு மணி நேரம் விளக்கினார். பாட்டி காதில் வாங்கவில்லை. "இவன் வெள்ளைக்காரப் பாலையா" என்று முடித்துவிட்டார்.

மேலே பாலையா என்று படித்ததும் தேடிப் பார்த்தேன். அந்த வரிசையில் முதல் படமும் 1964-தான்.

மஞ்சக்குப்பத்துக்காரன்:
தேவனாம்பட்டினம், சித்தப்பா இப்போதும் செய்வாரா? ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா?

தேவனாம்பட்டினம் பொண்ணு:
வாங்கண்ணா. ராத்திரி ஏழு மணிக்கு மேல வாங்க. லைட்டை அணைக்காமல் ஆரம்பிக்க மாட்டார்.