மறு: 'படிநிலை உரையாடி' வேண்டாம், 'கீறிடம்' எப்படி?

அண்ணை, வணக்கம்.

> பல கேள்வி கேட்டுப் பதில் சொல்வதைப் 'படிநிலை உரையாடி' என்போம். ஒவ்வொரு கேள்வியும் ஒரு படி.

சாட்பொட்டுக்கு 'உரையாடி' சரி. 'படி'தான் உதைக்கிறது. ஒரு கிழமை எங்களை அலைக்கழித்ததே அந்தச் சொல்தான்.

நெல்லுக்கு எப்போது, எவ்வளவு உரம் போடுவது என்று சொல்லும் உரையாடி ஒன்றைக் கிளிநொச்சியில் இருந்து செய்கிறோம். அதற்கு மூன்று விவரம் வேண்டும்: எத்தனை ஏக்கர், என்ன இனம், விதைத்து எத்தனை நாள். படி என்று நினைத்ததால் நிரலையும் படியாகவே எழுதினோம். பரந்தன் பக்கத்துக் கமக்காரர் ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்தோம். ஏக்கர் கேட்டதற்கு அவர் தட்டியது: "362 தான் தம்பி விதைச்சது, மூண்டு ஏக்கர், நாப்பது நாள்." ஏடி 362 ஒரு நெல்லினம். உரையாடி அவரை 362 ஏக்கர்க்காரர் ஆக்கிவிட்டு, அடுத்ததாக "என்ன இனம்?" என்றது. மனிசன் சிரித்துக்கொண்டே ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டார்.

இருப்பது படியல்ல, நிரப்ப வேண்டிய வெற்றிடம். ஆங்கிலத்தில் ஸ்லொட் என்பது அதைத்தான். 1977இல் சீரொக்ஸ் ஆய்வாளர்கள் எழுதிய 'கஸ்' என்ற விமானப் பயண உரையாடியிலும் ஊர், நாள், நேரம் என்று வெற்றிடங்கள்தான். நாங்களும் இப்போது மூன்று விவரத்தையும் ஆறு ஒழுங்கிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதிக்கிறோம்.

இந்த வெற்றிடத்துக்கு முல்லைத்தீவு நண்பர் 'வக்கடை' என்றார். அழகான சொல், விட மனமில்லை. ஆனால் வயல் வரம்பில் வெட்டிவிடும் வக்கடையால் தண்ணீர் மேல்வயலில் இருந்து கீழ்வயலுக்குத்தான் போகும். திரும்பவும் படிதான்!

நான் சொல்வது 'கீறிடம்'. பள்ளிக்கூடத்தில் 'கீறிட்ட இடம் நிரப்புக' என்று எழுதாதவர் இங்கே யார்? தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கீறு என்றால் நகக்கீறல் நினைவுக்கு வரலாம். அவர்கள் பாடத்தில் அது 'கோடிட்ட இடம்'. 'நிரப்பிடம்' இருவருக்கும் பொதுதான். ஆனால் 'நிரம்பாத நிரப்பிடம்' என்று ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று பாக்கி. நடுவில் "இல்லையில்லை, இரண்டரை ஏக்கர்" என்று திருத்துகிறார்கள். அதற்கு 'அழித்தெழுதல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கூட வேலை செய்யும் தம்பி 'அழிறப்பர்' போதும் என்கிறான்.