மூட்டுத் தேய்மானம்: குருத்தெலும்பைக் காப்பது மாத்திரையா, ஊசியா?

மாடிப்படி:
முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஒருவர் குளுக்கோசமைன் என்கிற மூட்டுச் சத்து மாத்திரை சாப்பிடு என்கிறார், இன்னொருவர் ஸ்டீராய்டு ஊசி போடு என்கிறார். வலியைப் பொறுத்துக்கொள்வேன். இருக்கிற குருத்தெலும்பு மிஞ்ச வேண்டும். எது தேவலை?

பழைய முழங்கால்:
குளுக்கோசமைன்தான், யோசிக்கவே வேண்டாம். 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: 212 பேர், தினம் 1500 மில்லிகிராம், மூன்று வருடம். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மூட்டு இடைவெளி சுருங்கியது (குருத்தெலும்பு தேய்ந்தால் எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும்), இவர்களுக்குப் பெரிதாகச் சுருங்கவில்லை. நானும் நாலு வருஷமாகப் போடுகிறேன், வண்டி ஓடுகிறது.

எண்பார்வை:
அந்த ஆய்வுக்குத் துணை நின்றதே மாத்திரைக் கம்பெனிதான், அதையும் சொல்லுங்கள். அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த கெய்ட் ஆய்வில் (2006) 1583 பேர். வெற்று மாத்திரையிலேயே 60% பேருக்கு வலி குறைந்தது, குளுக்கோசமைனில் 64%. உங்கள் வண்டி எதில் ஓடுகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

பழைய முழங்கால்:
அவர் கேட்டது குருத்தெலும்பை, நீங்கள் காட்டுவது வலிக் கணக்கை. அதே கெய்ட்டில் வலி அதிகம் இருந்தவர்கள் குளுக்கோசமைனோடு காண்ட்ராய்டின் என்கிற இன்னொரு மூட்டுச் சத்தும் சேர்த்துச் சாப்பிட்டதில் 79% பேருக்குக் குறைந்தது, வெற்று மாத்திரையில் 54%தான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

எண்பார்வை:
சரி, நியாயம். ஆனால் அது சின்னக் குழு. குருத்தெலும்புக்கே வருகிறேன்: கெய்ட்டில் இருந்த 572 பேரை இரண்டு வருடம் எக்ஸ்ரேயில் பின்தொடர்ந்தார்கள். எந்த மாத்திரையும் தேய்மானத்தைக் குறிப்பிடும்படி தடுக்கவில்லை.

மாடிப்படி:
அப்போ ஊசி?

எண்பார்வை:
நீங்கள் கேட்கும் காரணத்துக்கு அதுதான் மோசம். 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது: 140 பேர், 12 வாரத்துக்கு ஒரு ட்ரையாம்சினலோன் ஸ்டீராய்டு ஊசி, இரண்டு வருடம். ஊசி போட்டவர்களுக்கு 0.21 மில்லிமீட்டர் தேய்ந்தது, உப்புநீர் ஊசிக்கு 0.10. வலியிலும் வித்தியாசம் இல்லை. எப்போதாவது வலி தாங்காமல் ஒன்று போடுவது வேறு கதை.

பழைய முழங்கால்:
ஸ்ப்ரிஃபெர்மின் என்று மூட்டுக்குள் போடும் புது ஊசி மருந்து? அது குருத்தெலும்பை வளர்த்தே காட்டியதே!

எண்பார்வை:
வளர்த்தது, வெற்று ஊசியோடு ஒப்பிட்டால் 0.05 மில்லிமீட்டர் அளவில். ஆனால் வலி வெற்று ஊசியைவிடக் குறையவில்லை. ஸ்ட்ரான்ஷியம் ரனலேட் என்கிற எலும்பு மருந்தும் தேய்மானத்தைக் குறைத்தது, ஆனால் இதயத்துக்கு ஆபத்து என்று கட்டுப்பாடு வந்தது. படத்தில் மில்லிமீட்டர் கூடுவது ஒன்று, படியேறுவது ஒன்று. எடை அதிகமிருந்தால் அதைக் குறைக்கலாம்: 2024-ல் செமாக்ளூடைட் என்கிற எடைக்குறைப்பு ஊசி ஆய்வில் 68 வாரத்தில் எடை சுமார் 14% இறங்கியது, முழங்கால் வலியும் நன்றாகவே இறங்கியது.

மாடிப்படி:
என் எடை சரிதான். தொடைத் தசைப் பயிற்சியைத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

பழைய முழங்கால்:
என் டப்பாவில் இருபது மாத்திரை மிச்சம். தீரட்டும், அப்புறம் உங்களோடு பேசுகிறேன்.