ஐயா பெட்டியில் கிடைத்த 8 மி.மீ. படச்சுருள்கள்: எரிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை

கானாடுகாத்தான் பேத்தி:
வீட்டில் மராமத்து நடக்கிறது. ஐயா, என் தாத்தா, பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போனவர், அதாவது அங்கே வியாபாரம் செய்தவர். இரண்டாங்கட்டில் இருந்த அவருடைய தேக்குப் பெட்டியில், கணக்கு நோட்டுகளுக்கு அடியில் ஆறு தகர டப்பாக்கள். மூடியில் நியூயார்க் முகவரி. திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது.

முற்றத்து வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேடையில் ஆடும் ஒரு பெண். முழங்கை வரை கையுறை. நுனியைப் பல்லால் கடித்து விரல் விரலாகக் கழற்றுகிறாள். ஒரு முழம் பிலிம் முழுக்க அந்தக் கை மட்டும்தான். கேமராவுக்குப் பின்னால் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்குகிறது.

"ஐயா பேர் கெட்டுப்போகும், கொல்லையில் போட்டுக் கொளுத்து" என்கிறார் அயித்தை. எனக்கு அது ஒரு பெண் பழகித் தேர்ந்த வேலையாகத் தெரிகிறது. எப்படிக் காப்பாற்றுவது?

பழைய ஆபரேட்டர், காரைக்குடி:
தங்கச்சி, தயவுசெய்து புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள். அந்த வாடை வந்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுருங்கியிருக்கும், பல்சக்கரத்தில் மாட்டிக் கிழியும். 8 மி.மீ. எல்லாமே சேஃப்டி பிலிம்தான், நைட்ரேட் போலக் குப்பென்று பற்றாது. வாடை அடிக்கிற சுருளைத் தனியே வையுங்கள், பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். மூடியை இறுக்க வேண்டாம். நம்மூர் வெயிலுக்கு மேல்மச்சு கூடவே கூடாது. கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்கிறவர்களிடம் சீக்கிரம் கொடுங்கள்.

தேவகோட்டை வாசகன்:
1937-ல் மேயர் லகார்டியா காலத்தில் நியூயார்க்கின் பர்லெஸ்க் கொட்டகைகளுக்கு (உடையை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி ஆடும் மேடை ஆட்டம் நடக்கிற இடங்கள்) லைசென்ஸ் மறுத்து மூடவைத்தார்கள். அப்புறமும் அந்த ஆட்டம் பிலிமில் ஏறித் தபாலில் போனது. அப்படி விற்ற இர்விங் கிளாவை 1955-ல் செனட் குழு விசாரணைக்கு இழுத்தது. பின்னாளில் அவர் நெகடிவ்களை எரிக்கச் சொன்னபோது, சகோதரி பாலா ஒரு பகுதியை ஒளித்து வைத்தார். பெட்டி பேஜ் என்ற மாடல் அழகியின் படங்கள் பல இன்றைக்கு மிஞ்சியிருப்பது அதனால்தான். அங்கேயும் வீட்டுக்குள் ஒருத்தி மனசு வராமல் நின்றிருக்கிறாள் பாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
எரிக்காதே ஆத்தா. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது திருவிழாவுக்கு ரெக்கார்டு டான்ஸ் வந்தது. எங்கள் அப்பத்தா ஜன்னல் கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டு முழுசும் பார்த்தார். விடிந்ததும் ஆடின பிள்ளை தண்ணி கேட்டு வந்தது. அதே அப்பத்தா சொம்பைக் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்தார். அந்தப் பிள்ளை காலில் சலங்கைத் தழும்பு, கன்னத்தில் பாதி அழிந்த ரோஸ் பவுடர். சதிர் ஆடினவர்களையும் இப்படித்தான் தள்ளி வைத்தோம். அதையே பரதநாட்டியம் என்று பேத்திக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்தேன். அன்றைக்குச் சொம்பை நானாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.

கானாடுகாத்தான் பேத்தி:
எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை அயித்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவரே பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அந்தச் சிரிக்கிற இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இருபத்தஞ்சு வயசு இருக்குமா இவளுக்கு?" என்றார். டப்பாக்களைப் பட்டாலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம், அங்கே குளிர்ச்சியாக இருக்கிறது. ஸ்கேனுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.