புத்தாண்டு மரதன்: ஏத்தத்தை விட இறக்கத்துக்குத்தான் பயப்படணும்

மலைநாட்டு ஊர் நாலுல இருந்து நாலு பேர் சொல்றது இது.

லிந்துலை:
நம்ம பக்கம் சித்திரைப் புத்தாண்டுக்கு வைக்கிற மரதனுக்கும் 42.195 கிலோமீட்டர் மரதனுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு. தோட்டத்திலயும் டவுன்லயும் ஓடுறது பெரும்பாலும் 5இலிருந்து 12 கிலோமீட்டர்தான். ஆனா அந்தப் பாதை எப்படிப் போகுதுங்கிறதுதான் விஷயம். கோயிலடியில கிளம்பி, மெயின் ரோட்டுக்கு இறங்கி, அதே வழியில திரும்ப ஏறி வர்ற மாதிரிப் பாதைதான் ரொம்ப மோசமானது. முதல் பாதி முழுக்க இறக்கம். மூச்சு வாங்காது, கால் தானா ஓடும், பின்னால இருந்து சனம் கத்தும். அந்த வேகத்துல முன் தொடை அடி வாங்குறது அப்போ தெரியாது. இறக்கத்துல ஒவ்வொரு எட்டுக்கும் தொடைத் தசை இழுபட்டுக்கிட்டே பிரேக் போடுது, அதுலதான் நார்கள் சேதமாகுது. திரும்பி ஏறும்போது "காலே வரல"ன்னு நிக்கிறவங்க ஏத்தத்தால நிக்கல. கீழே போன வேகத்தாலதான் நிக்கிறாங்க.

கணக்கு சொல்றேன். சமதரையில கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் ஓடுறவர், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயர்ற ஏத்தத்துல அதே மூச்சுக்கு ஏறக்குறைய 8 நிமிஷம் எடுப்பார். அது தோல்வி இல்லை, சரியான வேகம். இறங்கும்போது 5 நிமிஷம் 40 செக்கனுக்குக் கீழே போகாம பிடிச்சு வச்சா ஏறத் தெம்பு மிஞ்சும்.

வெலிமடை:
அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இறக்கத்தைப் பழகிக்க வழி இருக்கு. நல்ல தார் ரோட்டுல 200 மீட்டர் இறக்கம் ஒண்ணு பாருங்க. முதல் நாள் நாலு தடவை ஓடி இறங்கி, நடந்து ஏறுங்க. ரெண்டு நாள் தொடை வலிக்கும், படி இறங்க முடியாது. அது ஆறினதும், பத்து நாளைக்கு ஒரு நாள் ஓடி, ஆறு தடவை, எட்டு தடவைன்னு கூட்டுங்க. தசைக்கு ஒரு குணம் இருக்கு: ஒரு தடவை அடி வாங்கி ஆறினா, அடுத்த சில கிழமைக்கு அதே அடி அவ்வளவா வலிக்காது. ஆனா கடைசி இறக்கப் பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவுல பத்து நாளாவது இடைவெளி வேணும். முந்தின நாள் "ஒரு ட்ரயல்" பார்க்கிறது அறவே கூடாது.

இறங்கும்போது எட்டு சின்னதா, வேகமா இருக்கணும். முழங்கால் லேசா மடிஞ்சிருக்கணும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழணும். குதிகாலை முன்னால நீட்டிக் குத்தினா ஒவ்வொரு குத்தும் முழங்காலுக்குப் போகும். பயத்துல பின்னால சாய்றவங்கதான் சறுக்கி விழுறாங்க.

சப்பாத்து விஷயத்துல ஒண்ணு சொல்லணும். புத்தாண்டுக்கு வாங்கின புதுச் சப்பாத்தை அன்னைக்கே போட்டு ஓடுறது வருஷா வருஷம் நடக்குது. மூணாவது கிலோமீட்டர்ல குதிகால் கொப்புளம். குறைஞ்சது 30, 40 கிலோமீட்டர் ஓடின சப்பாத்துதான் போட்டிக்கு. பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் அகலம் இடம் விடுங்க, இல்லாட்டி இறக்கத்துல விரல் முட்டி நகம் கறுத்துப் போகும். லேஸைக் கடைசி ஓட்டையில சின்ன வளையமா விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதுக்குள்ள கோத்து இறுக்கினா குதிகால் அசையாது, பாதம் முன்னால வழுக்காது. ரப்பர் செருப்போட ஓடவே வேணாம். இறக்கத்துல பாதம் வாரைத் தள்ளத் தள்ள, வாரோட குமிழ் ஓட்டையை விட்டுப் பிடுங்கிக்கும். சின்ன வயசிலேருந்து வெறுங்காலோட பழகினவங்களுக்கு வெறுங்காலே மேல், கல்லு ரோட்டு இல்லாட்டி.

நுவரெலியா:
கொழும்புல இருந்து லீவுக்கு வர்ற பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை. இங்க 1,868 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல ஏறக்குறைய 80 வீதம்தான். நேத்து வந்து இன்னைக்கு ஓடினா, அங்க ஓடுற வேகத்துக்கு இங்க மூச்சு முட்டும். பேசிப் பாருங்க, மூணு சொல் சேர்ந்தாப்ல வரலைன்னா 30 எட்டு நடங்க, திரும்ப ஓடுங்க.

விடியல்ல 12, 13 பாகைக் குளிர் இருக்கும். விறைச்ச காலோட இறக்கத்துல பாயக் கூடாது. பத்துப் பதினைஞ்சு நிமிஷம் மெதுவா ஓடிச் சூடேத்துங்க, பழைய ஸ்வெட்டரைக் கடைசி நிமிஷத்துல கழட்டுங்க. குளிரை நம்பி வெயிலை மறந்துடாதீங்க. ஏப்ரல் 5இலிருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில நிக்கிற நாள்கள். போட்டி பத்து மணிக்குத் தொடங்கினா தொப்பி அவசியம். பின்னேரம் வச்சா இடிமழை வர்ற காலம், ஏற்பாட்டாளர்கள் காலையிலேயே முடிக்கிறதுதான் நல்லது.

வளைவுகள்ல தரையைப் பார்த்து ஓடுங்க. பஸ்ஸும் லொறியும் திணறி ஏறுற இடத்துல டீசல் சிந்தி இருக்கும். ஈரத்துல நீலமும் ஊதாவுமா மினுங்குற திட்டு தெரிஞ்சா அதை மிதிக்காதீங்க. நனைஞ்ச யூக்கலிப்டஸ் இலையும், கான் ஓரத்துக் கொங்கிரீட்டுல படிஞ்ச பச்சைப் பாசியும் அதே மாதிரிதான். ஊசி வளைவுல உள்பக்கம் தூரம் குறைவு, ஆனா அங்கதான் செங்குத்து அதிகம். ஏறும்போது நடு ரோட்டுக்குக் கிட்டப் போறது லேசு. ரோட்டை மூடாத போட்டியில அப்படிப் போகக் கூடாது, ஏப்ரல் சீசனுக்கு ஆள் ஏத்தி வர்ற வேன்கள் வளைவை வெட்டிக்கிட்டு வரும். ரயில் கடவையில தண்டவாளத்தை நேர் குறுக்கா தாண்டுங்க, இரும்பு மேல கால் வைக்காம.

ஹட்டன்:
சாப்பாட்டைப் பத்தி யாரும் சொல்லல. புத்தாண்டு ராத்திரி கொண்டைப் பணியாரம், கொக்கிஸ், முறுக்கு எல்லாம் எண்ணெய்ப் பலகாரம். வயித்துல ரொம்ப நேரம் நிக்கும், ஓடும்போது புளிச்சுக்கிட்டு மேல வரும். ஆளுக்கு ஒண்ணோட நிறுத்துங்க, மிச்சத்தைப் போட்டி முடிஞ்சு சாப்பிடலாம். புண்ணியகாலம் வருஷத்துக்கு வருஷம் நேரம் மாறும், மருத்துநீர் வச்சுக் குளிக்கிறதும் சாப்பாடும் அதைப் பொறுத்துத்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஓட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முந்தி ஒரு ரொட்டி, ரெண்டு வாழைப்பழம், சீனி போட்ட பிளேன்டீ முடியிற மாதிரி வைங்க. கட்டச் சம்பல் வேணாம்.

ஒரு மணி நேரத்துக்குள்ள முடியிற ஓட்டத்துக்கு வெறும் தண்ணி போதும். அதுக்கு மேல போனா ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனித் தூள்) ஒரு பக்கட்டை, அதுல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. அது இல்லாட்டி ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணிக்கு மட்டமா ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினா ஆபத்து, கண்ணளவுல போடாதீங்க.

நடத்துற கழகத்துத் தம்பிமாருக்கு: தேயிலைக்குள்ள குறுக்குப் பாதை இல்லாத தோட்டம் கிடையாது. திரும்புற இடத்துல ஓடுறவங்க கையில ஒரு கலர் நூல் கட்டி அனுப்புங்க, முடிவுல அது இல்லாதவங்களைக் கணக்கில சேர்க்காதீங்க. சண்டை பாதி குறையும். பிரஷர், சீனி வருத்தம் இருக்கிறவங்க முந்தியே கிளினிக்ல காட்டிட்டு வரணும். நெஞ்சு இறுகுது, தலை சுத்துதுன்னா அங்கேயே உட்கார வச்சு 1990க்கு அழைங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். சிக்னல் இல்லாத வளைவுகளை முதல் நாளே நடந்து பார்த்துக் குறிச்சு, அங்க சைக்கிளோட ஒரு ஆளை நிறுத்துங்க. கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.